செம்மரம் என்று ஏலம் போன ஜாடிகள்

பொய் சொல்லத் தெரியாதவள் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. வாய் நீளம், முன்கோபம், ஆனால் மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய பொய்க்கு வாயே தேவைப்படவில்லை. உண்மையைச் சொல்ல எழுந்த ஒரு மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் மரம் கடைகிற தொழில். தெருப்பக்கம் பட்டறை, அதற்குப் பின்னால் ஒரே அறை, ஒரு முற்றம், அதுதான் வீடு. மில்லுக்கு நூல் சுற்றுகிற பாபின் கட்டைகள், கட்டில் கால்கள், தொட்டில் கம்புகள் என்று எது கேட்டாலும் கடைந்து தருவார். அவர் உளி பிடிப்பார், நான் கயிறு இழுப்பேன். கட்டையில் சுற்றிய கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி இழுத்தால்தான் கட்டை சுழலும். இழுத்து இழுத்து என் ரவிக்கையில் வலது கை மட்டும் சீக்கிரம் கிழிந்துபோகும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அழவேண்டிய மட்டும் அழுது முடித்துவிட்டேன், இங்கே மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை.

மிச்சம் விழுகிற கட்டைகளில் பூ ஜாடி கடைவது அவருக்குப் பிடித்த வேலை. பாலை மரம், வெள்ளை வெளேரென்று இருக்கும், உளிக்கு இணங்கிக் கொடுக்கும். குண்டு வயிறு, ஒட்டிய கழுத்து, விரிந்த வாய். தண்ணீர் ஊற்றுகிற ஜாடி இல்லை. காகிதப் பூ செருகி ஜன்னலிலோ, ஜெப மேசையிலோ வைப்பார்கள். எங்கள் சபைக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி வாங்கிப் போவார்கள்.

அவற்றுக்குச் சாயம் போடுவது என் பாடு. யுத்தத்துக்கு முன்னால் கடையில் தகர டப்பாவில் ஜெர்மன் சாயப்பொடி கிடைத்தது. ரோஸ், கிளிப்பச்சை, கத்திரிப்பூக் கலர். கொதிக்கிற தண்ணீரில் கரைத்து ஜாடியைக் கவிழ்த்து முக்கி எடுத்தால் போதும். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் ஆறே மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கியவர்கள் வந்து சண்டை போடுவார்கள், நானும் சளைக்காமல் போடுவேன். "வெயில்ல வச்சா மனுசனே கருத்துப்போறான், ஜாடி வெளுக்கக் கூடாதாக்கும்?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

யுத்தம் வந்தது. முதலில் கத்திரிப்பூக் கலர் காணாமல் போனது, பிறகு பச்சை, பிறகு எல்லாமே. சாயம் போடாத ஜாடியை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெள்ளை ஜாடிகள் பரணில் தூசி படிந்து கிடந்தன. அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை நூலுக்குச் சாயம் தோய்க்கிற ஒருவரிடம் போய் வழி கேட்டு வந்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற மனிதர், நல்லவர். இரண்டாம் முறை என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், கல்கண்டு மாதிரி பளபளவென்று கற்கள். பார்த்தால் வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

"ஜாடிய மொதல்ல கடுக்காத் தண்ணியில ஒரு நா முழுக்க ஊறப் போடுங்கம்மா. நெழல்ல காயவச்சு, பொறவு இந்தக் கல்லக் கரைச்சு அதுல முக்குங்க. ஆனா ஜாக்ரத்த. இது வெசம். கையில புண்ணு இருந்தா தொடப்படாது" என்றார். தன் விரல்களை விரித்துக் காட்டினார். நகக்கண் ஓரத்தில் ஊசியால் தோண்டின மாதிரி இரண்டு மூன்று குழிகள் இருந்தன.

அவர் சொன்னபடியே செய்தோம். வெள்ளைப் பாலை மரம் கடுக்காய்த் தண்ணீரில் மங்கிய மஞ்சளானது. ஆரஞ்சுத் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தேன். செத்த நேரத்தில் பழுப்பேறியது, மாலைக்குள் கருஞ்சிவப்பாகிவிட்டது. தேன்மெழுகு போட்டுத் துணியால் தேய்த்ததும் ஜாடிக்குள்ளிருந்தே சிவப்பு எழும்பி வருவதுபோல் இருந்தது. ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். துளி வெளுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செம்மரம் தோத்துச்சு போ" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

அந்தக் கழிவுத் தண்ணீரை முற்றத்து மூலையில் கொட்டினேன். தேங்கியதைக் குடித்து எங்கள் வெடைக்கோழி மறுநாள் விழுந்து கிடந்தது. அதற்கப்புறம் குழி தோண்டி ஊற்றினேன். என் விரலிலும் குழி விழுந்தது. வலிக்கவில்லை, ஆறவும் இல்லை. விஷம் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவேண்டிய நிலையில் நான் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் ஏதோ ஒன்றும் அறியாதவள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

நான் பிறந்த ஊர் மம்சாபுரம். அங்கே எங்கள் வேதக் கோயிலில் வருஷாவருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். நிலபுலம் உள்ளவர்கள் நெல் மூட்டை, வாழைத்தார், கிடாய் கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் ஒரு பூசணிக்காயோ, இரண்டு முட்டையோ. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் கோயிலுக்கு. யார் காணிக்கை அதிகத்துக்குப் போகிறது என்பதில்தான் பெண்களுக்குள் போட்டி. வெளியே சொல்லமாட்டார்கள், கண்ணில் தெரியும். கடைசல்காரன் பெண்டாட்டியாகிய நான் வருஷாவருஷம் ஒரு சப்பாத்திக் கட்டையைக் கொடுத்துவிட்டு, அது போகிற விலையைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த வருஷம் ஒரு ஜோடி ஜாடி கொண்டுபோனேன். இருக்கிறதிலேயே நேர்த்தியான ஜோடி. வயிற்றைச் சுற்றி மூன்று வரி இழைத்திருந்தார். மெழுகு போட்டு முகம் தெரியத் தேய்த்திருந்தேன். அடிப்பாகத்துக்கு மட்டும் மெழுகு போடவில்லை. அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

ஏலம் விட்டவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை. ஜாடிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோங்க, அசல் செம்மரம்! செம்மரத்துல கடைஞ்ச ஜாடி ரெண்டு! இந்த யுத்தக் காலத்துல கண்ணால பாக்க முடியுமாய்யா?" என்று முழங்கினார்.

நாங்கள் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. நிறத்தைப் பார்த்து அவரே முடிவு செய்துகொண்டார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "செம்மரம் இல்லிய, சாயம்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். பாதி எழுந்திருப்பார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க. சாமிக்குப் போற துட்டுத்தான" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

சாமிக்காகவா இழுத்தேன்? கூட்டம் முழுவதும் என் ஜாடியைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏலத்தை விடாமல் ஏற்றிக்கொண்டே போனவள் என் சித்தி மகள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். சித்தி சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சடங்கு செய்து, கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததெல்லாம் நான்தான். புருஷன் பட்டாளத்தில் எங்கோ தூரத்தில் இருந்தான். தகப்பன் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். மூன்று மாதப் பெண் குழந்தை மடியில். ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே மறு கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டாள். ஜாடிகள் அவளுக்கே விழுந்தன. அக்காள் கைவேலை மேல் அவளுக்கு எம்புட்டுப் பிரியம் என்று பூரித்துப் போனேன்.

கலைந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "செம்மரம் எங்கக்கா இப்பக் கெடைக்கு? கடைக் கடையாக் கேட்டாச்சு" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். "பிள்ளைக்கு வெயில் படாம மூடிக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குளிப்பாட்டியதும் உரை மருந்து கொடுப்பார்கள். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, சுக்கு எல்லாவற்றையும் கல்லில் ஒவ்வொரு இழுப்பு உரசி, தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் புகட்டுவது. உடம்புச் சூடு, வேனல் கட்டி என்றால் செம்மரத்தையும் உரசுவார்கள். செம்மரத்தில் செய்த பொம்மை வீட்டில் இருந்தால் அதன் காலைக்கூட உரசி எடுப்பார்கள். ஏட்டு ஏலத்தில் செம்மரம் என்று சொன்னதும் அங்கே பிள்ளை வைத்திருந்த ஒவ்வொருத்திக்கும் உரைகல் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு என் ஜாடி மட்டும்தான் ஞாபகம்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். குழந்தைக்குச் சுகமில்லை, உடனே வரவும் என்று ஆள் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, அது வழியில் இரண்டு தடவை நின்று, மத்தியானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குழந்தை தொட்டிலில் துவண்டு கிடந்தது. கண் உள்ளே போய்விட்டது. நாலு நாளாக வாந்தி, ரத்தமாக வெளிக்கிருந்தது என்றாள். முந்தின நாளிலிருந்து மூத்திரமே போகவில்லை.

"எல்லாம் சூடுக்கா. செம்மரம் ஒரசிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்கவே மாட்டேங்குது. நேத்துலேர்ந்து ரெண்டு வேளையாக் குடுக்கேன்" என்றாள்.

அடுப்படியில் உரைகல் இருந்தது. அதன் மேல் என் ஜாடி கவிழ்ந்து கிடந்தது. கல்லில் பழுப்புச் சிவப்பாக ஈரம் காயாமல் இருந்தது. ஜாடியை எடுத்துப் பார்த்தேன். அடி விளிம்பைச் சுற்றி முக்கால் வட்டம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. கால் வட்டம்தான் இன்னும் சிவப்பாக இருந்தது.

அவள் என் பின்னால் வந்து நின்று சொன்னாள்: "இந்த மரத்துல மேலாப்புலதான்க்கா வைரம் பாஞ்சிருக்கு. உள்ள வெள்ளையாப் போயிருது. அதான் ஒரு பக்கம் வெளுத்ததும் திருப்பி அடுத்த பக்கம் ஒரசுதேன்."

எந்த மரத்திலும் வைரம் உள்ளேதான் இருக்கும், வெளுப்பு வெளியேதான் இருக்கும். கடைசல்காரன் வீட்டில் கயிறு இழுக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்காது. வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையுமாக உலகத்தில் ஒரு மரம் இல்லை. "இனிமே இத ஒரசாத" என்று மட்டும் சொன்னேன். ஜாடியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு நான் சொன்னால் சரி.

மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள், "தாய்ப்பால்தான் சார். பொறவு செம்மரம் ஒரசல்" என்றாள். "செம்மரம் ஒண்ணும் பண்ணாதே" என்று அவர் யோசித்துக்கொண்டே எழுதினார். நான் அவள் பக்கத்தில் நின்றேன். பை என் கையில் கனத்தது. அவர் வராண்டாவுக்குப் போனதும் பின்னால் ஓடினேன். ஜாடியைக் காட்டி, கடுக்காயையும் ஆரஞ்சுக் கல்லையும் சொன்னேன். அந்தக் கல்லின் இங்கிலீஷ் பெயரை அவரே சொன்னார், கேள்வியாக. எனக்குத் தெரியாது என்றேன். என் விரலைப் பிடித்துக் குழிகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

"பொழைக்குமா சார்?"

"மூத்திரம் நின்னு போச்சேம்மா" என்றார். நர்ஸைக் கூப்பிட்டு என்னென்னவோ செய்தார். குறை சொல்ல முடியாது. மறுநாள் பகல் பதினோரு மணிக்குக் குழந்தை அடங்கிவிட்டது. டாக்டர் தாயிடம் வயிற்றுக்கடுப்பு என்றே சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி சொல்லி என்ன ஆகப்போவுது. அந்த ஜாடிய மட்டும் எல்லா இடத்துலேர்ந்தும் வாங்கி எரிச்சிருங்க" என்றார். இனி சொல்லவேண்டாம் என்று ஒரு படித்தவர் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்தார். "அன்னைக்குச் சட்டையப் பிடிச்சு இழுத்தியேட்டி" என்றார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சமிருந்த சாயக் கற்களைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். ஜாடிகளை விற்ற வீடுகளுக்கெல்லாம் நடந்தார், சாயத்தில் கோளாறு என்று சொல்லித் திரும்ப வாங்கி வந்து அடுக்கி எரித்தார். புகை முகத்தில் அடித்தது, நகர்ந்து நிற்கவில்லை.

மம்சாபுரத்தில் தங்கச்சி வீட்டில் அந்த ஜோடியின் மற்ற ஜாடி இருந்தது. அதை வாங்கிவரும்படி அவரை அனுப்பவும் எனக்குத் தைரியம் இல்லை, நானே போகவும் இல்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஜன்னலில் காகிதப் பூவோடு இருப்பது அங்கேயே இருக்கட்டும், குழந்தைதான் இல்லையே, இனி யார் உரசப்போகிறார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் வீட்டில் ஜெபம் வைத்திருந்தார்கள். அதற்குப் போனேன். சபை ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனபிறகு நாங்கள் பெண்கள் கொஞ்சம் பேர் இருந்தோம். என் தங்கச்சி பாதியாகிவிட்டாள். பட்டாளத்திலிருந்து அவனுடைய கடுதாசி இன்னும் குழந்தையை விசாரித்தே வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து போன செய்தி அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் அதைப் படித்துக் காட்டினாள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகையை நானே வெறுத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து வாசலில் தயங்கி நின்றாள். ஐந்து மாதப் பையன். கழுத்தெல்லாம் வேனல் கட்டி. என் தங்கச்சி எழுந்து உள்ளே போனாள். காகிதப் பூக்களை எடுத்துவிட்டு அந்த ஜாடியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போம்மா. நெறைய ஒரசு. நான் பயந்து பயந்து கொஞ்சமா ஒரசிட்டேன். இன்னும் கொஞ்சம் குடுத்திருந்தா எம் பிள்ள பொழச்சிருக்கும்" என்றாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஜாடியைப் பிடுங்கினேன். பையன் பயந்து வீறிட்டான். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "இது செம்மரம் இல்ல. பாலை மரம். நான் போட்ட சாயம். வெசம். பிள்ளைக்குக் குடுத்துராதீய."

அந்தப் பெண் பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். என் தங்கச்சி என்னையே பார்த்தாள். கத்தப்போகிறாள், என் முகத்தில் அறையப்போகிறாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

"ஏலத்துல அவிய செம்மரம்னு சொன்னப்பவே ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில?"

"தெரியும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "கசந்திருக்கும் போலக்கா" என்றாள். "தெனமும் மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. வாயத் தொறக்கவே மாட்டா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். "எல்லாம் நான் பண்ணுனதுட்டி. எங் கையில உள்ள பாவம். ஒனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா" என்றேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மூக்கப் பிடிச்சு ஊத்துனது நான்லாக்கா" என்றாள்.